மீன் எண்ணெய் மாத்திரை: டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

மகளுக்கு ஏழாம் மாதம். அம்மாவுக்கு 78 வயது, அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுகிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் 60 மாத்திரை டப்பா வாங்கினேன். 640 ரூபாய். "ஆச்சிக்கு ஞாபகம் எல்லாம் திரும்பிரும்க்கா" என்றார் கடைக்காரத் தம்பி.

முன்பக்கம் பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம். வீட்டில் கண்ணாடி போட்டுப் பின்பக்கம் படித்தால், அது எண்ணெயின் மொத்த எடை. அதில் நமக்கு வேண்டிய ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு வகைகளில் ஈபிஏ 180, டிஹெச்ஏ வெறும் 120. நீரை நீக்கினால் மூளையில் பாதிக்கு மேல் கொழுப்புதான்; அதிலுள்ள ஒமேகா-3 பெரும்பாலும் இந்த டிஹெச்ஏ. வயிற்றுப் பிள்ளையின் மூளை அதை வேகவேகமாகச் சேர்ப்பது கடைசி மூன்று மாதத்தில். அதனால் மகள் விஷயத்தில் எனக்கு அந்த எண் முக்கியம்.

ஒரு மாத்திரையை ஊசியால் குத்தி உள்ளங்கையில் பிதுக்கினேன். பழைய எண்ணெயின் சிக்கு வாடை, சோப்பு போட்டும் போகவில்லை. டிஹெச்ஏ காற்றும் சூடும் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும்; அந்த டப்பா இருந்தது வெயில் விழும் கண்ணாடி அலமாரியில். திருப்பிக் கொடுக்கப் போனால் சீல் உடைத்ததை எடுக்க மாட்டோம் என்றார்கள்.

அம்மாவுக்கு ஞாபகம் திரும்பும் என்று சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை. அல்சைமர் நோயாளிகள் 402 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. தினமும் 2 கிராம் டிஹெச்ஏ, 18 மாதம். மறதி வளர்வது குறையவில்லை. வயசானவர்கள் வீட்டில் இப்படி ஆசை காட்டி விற்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் ஆளி விதைப் பொடியே போதும் என்பவர். ஆளி விதையில் இருப்பது வேறு வகை ஒமேகா-3; நம் உடம்பு அதை டிஹெச்ஏவாக மாற்ற வேண்டும். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2002-ல் பார்த்தபோது, இளம்பெண்களுக்கு ஓரளவு மாறியது. ஆண்களுக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. பெண்களுக்கு அதிகம் சுரக்கும் ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எனவே அவருக்கும் மீன்தான்.

இப்போது வாரம் இரண்டு நாள் வடசேரிச் சந்தையில் நெய்ச்சாளை, அதாவது மத்தி மீன். தேங்காய் அரைத்த குழம்பு, பொரிப்பதில்லை. மகளுக்கு மீன் வாடையே ஆகாது. அவளுக்கு மட்டும் டாக்டரிடம் கேட்டு, நுண்பாசி எண்ணெயில் செய்த, டிஹெச்ஏ 200 என்று தனியாகப் போட்டிருக்கும் மாத்திரை. பிரித்ததும் ஒன்றைக் குத்தி மோந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.