ஃபியூன் கரையில் கடல் ட்ரவுட்: உலோகத் தகடா, இறகு இரையா?

டென்மார்க்கின் ஃபியூன் தீவுக் கரைகளில் கடல் ட்ரவுட் மீன் பிடிக்க வருபவர்கள் இரண்டு கட்சி. ஸ்பின்னிங் கோலில், அதாவது நரம்பைச் சுற்றி இழுக்கும் ரீல் பொருத்திய தூண்டில் கோலில், மீன்போல மினுங்கும் உலோகத் தகட்டை வீசுபவர்கள் ஒரு பக்கம். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிய ஃப்ளை என்ற செயற்கை இரையை வீசுபவர்கள் மறுபக்கம். இரண்டையும் பல பருவங்கள் கையாண்டிருக்கிறேன். மார்ச் மாதத்தில் என் கை ஃப்ளைக் கோலைத்தான் முதலில் தேடும்.

ஸ்பின்னிங்கின் பலம் தூரம். 20 கிராம் தகடு எதிர்காற்றையும் கிழித்துக்கொண்டு போகும். வீசப் பழக ஒரு காலைப்பொழுது போதும். முன்பின் தெரியாத கரையை நடந்து நடந்து துழாவ இதைவிட நல்ல வழி இல்லை. தகடுகளில், நடுத் துளை வழியே தூண்டில் நரம்பு ஓடும் வகையை வாங்குங்கள். ட்ரவுட் துள்ளித் தலையை உதறும்போது தகடு நரம்பில் மேலே நழுவிவிடும். முள்ளை நெம்பிக் கழற்ற அங்கே எடை இருக்காது.

ஆனால் அந்தத் தூரமே பல நேரம் ஏமாற்றும். வெண்மணலும் கருத்த பாசித் திட்டுகளும் கலந்து கிடக்கும் கடலடியை டேனிஷ்காரர்கள் சிறுத்தைத் தரை என்பார்கள். வசந்தத் தொடக்கத்தில் வெயில் பட்டதும் ஆழமில்லாத விரிகுடாக்கள்தான் முதலில் சூடேறும். இரை தேடும் மீன் அந்தத் தரைமேல் முழங்கால் ஆழத்துக்கே வந்துவிடும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலடியில் நின்ற மீனை விரட்டிவிட்டு, எழுபது மீட்டருக்கு அப்பால் நானும் எத்தனையோ நாள் வீசியிருக்கிறேன்.

குளிர்ந்த நீரில் மீன் மந்தமாக இருக்கும். தகட்டை மெதுவாக இழுத்தால் பாசியில் சிக்கும், வேகமாக இழுத்தால் மீன் துரத்தாது. ஃப்ளையோ இழுப்புக்கு இழுப்பு நின்று, கூனி இறால்போல நீரிலேயே தொங்கும். பிடித்த மீனின் வயிற்றைக் கீறினால் பெரும்பாலும் கூனியும் கடற்புழுவும்தான் இருக்கும். தகடு பேச முடியாத மொழி அது.

ஃப்ளைக்குக் காற்றுதான் எதிரி. கரையை நோக்கி அடிக்கும் காற்று நீரைக் கலக்கி, மீனைத் தைரியமாக அருகே வரவழைக்கும். அந்த அருமையான நாளில்தான் ஃப்ளைக்காரர் காற்று மறைவான கரையைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. வீச்சு கைவரவும் ஒரு பருவமாவது ஆகும்.

இரண்டுக்கும் நடுவே பம்பார்டா இருக்கிறது. ஸ்பின்னிங் கோலில் எடையுள்ள நீள மிதவை, அதற்குப் பின்னால் மூன்று மீட்டர் மெல்லிய நரம்பு, நுனியில் ஃப்ளை. தூரமும் கிடைக்கும், மெதுவான இழுப்பும் கிடைக்கும். இதைத் தாழ்வாகப் பேசுபவர்கள் உண்டு; புதிதாக வருபவருக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்று. 40 செ.மீ.க்குக் குறைந்ததையும், நவம்பர் 16 முதல் ஜனவரி 15 வரை முட்டையிடும் நிறத்துக்கு மாறிய மீனையும் விட்டுவிட வேண்டும். விடும்போது ஃப்ளையின் ஒற்றை முள் ஒரு திருகலில் கழன்றுவிடும். தகட்டின் மூன்று முனை முள் சில நேரம் செவுள்வரை மாட்டியிருக்கும். அதனால் என் தகடுகளிலும் இப்போது ஒற்றை முள்தான்.