மாக்பெத்தின் கையும் அவன் மனைவியின் கையும்

1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘மாக்பெத்’ நாடகத்தில் கணவன், மனைவி இருவர் கையிலும் படிந்தது ஒரே ரத்தம். விருந்தாளியாக வந்து உறங்கிய மன்னன் டங்கனின் ரத்தம். குற்ற உணர்ச்சி மட்டும் இருவரையும் வெவ்வேறு நேரத்தில் வந்து பிடிக்கிறது.

மாக்பெத்துக்குக் கொலைக்கு முன்பே கலக்கம். காற்றில் குத்துவாள் தெரிகிறது. கொன்றபின் ‘ஆமென்’ என்ற சொல் தொண்டையில் சிக்குகிறது. கடல் நீர் முழுவதும் இந்தக் கையைக் கழுவாது, கடல்தான் சிவக்கும் என்று நடுங்குகிறான். மனைவியோ, கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறாள்.

ஐந்தாம் அங்கத்தில் அவளே தூக்கத்தில் நடந்து வந்து, இல்லாத கறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். அதுவரை செய்யுளில் கம்பீரமாகப் பேசியவளின் பேச்சு இங்கே உரைநடையாகச் சிதறுகிறது. பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்பது அவள் கட்டளை. முதல் அங்கத்தில் ‘அடர்ந்த இரவே வா’ என்று அழைத்தவள் அல்லவா! அந்த விளக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மாக்பெத் எதிர்த்திசையில் போகிறான். தான் ஆள் வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவியை விருந்தில் கண்டு அலறியவன், கொலைமேல் கொலை செய்து மரத்துப்போகிறான். இருவரில் அவளுடைய வேதனைதான் ஆழமானது என்பேன். அவளுக்கு அதைச் சொல்லி அழக்கூட ஆள் இல்லை. மருத்துவரும் பணிப்பெண்ணும் ஒளிந்து நின்று கேட்கிறார்கள். அவள் இறந்த செய்தி வரும்போது கணவன் கண்ணில் ஒரு துளி நீர் இல்லை.