வாய்விட்டு வாசிக்க ஒரு செயலி: ஓராண்டுக்கும் மேலான பயன்பாட்டில் தெரிந்தவை

பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து மாலை டியூஷன்களில் ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செல்போன் செயலியை நம்பலாமா? வாசிப்புக்கு நம்பலாம். இலக்கணத்துக்கு நோட்டும் பென்சிலும்தான்.

பெரிய லாபம், கூச்சம் விடுவது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை போனிடம் தயங்காமல் வாசிக்கும். ஒருவருக்குப் பத்து நிமிடம் போதும், அதற்குமேல் விளையாட்டாகிவிடும். பக்கத்துக் குரலையும் மைக் பிடித்துக்கொள்ளும் என்பதால் மைக் உள்ள ஒயர் இயர்போன் கட்டாயம். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைக்காதீர்கள். சித்தேரி மாதிரி சிக்னல் சரியாகக் கிடைக்காத மலையூர் என்றால் செயலியின் கதைகளை முன்பே போனில் இறக்கி வையுங்கள்.

குறை எங்கே என்றால், சொல்லின் கடைசியில். ‘வாக்ட்’ (walked) என்பதை ‘வாக்’ (walk) என்று விழுங்கினாலும் செயலி வாக்கியத்தை வைத்து ஊகித்துச் சரி போட்டுவிடுகிறது. வாயில் விழுங்கிய ‘எஸ்’ஸும் (s) ‘இடி’யும் (ed) நோட்டிலும் காணாமல் போகும். ஆகவே புத்தகத்தோடு பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். பாடப்புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பென்சிலால் தமிழில் எழுதும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்: கிரிக்கெட் மட்டைக்கும் கெட்டதுக்கும் ஒரே ‘பேட்’ என்று எழுதினால் உச்சரிப்பும் போச்சு, ஸ்பெல்லிங்கும் போச்சு.

கேள்வியைப் படமெடுத்தால் விடை தரும் செயலிகள் வேண்டவே வேண்டாம். காப்பியடிக்கத்தான் உதவும்.

இனி நோட்டில் செய்யும் இலக்கணம். பேசிவ் வாய்ஸுக்கு, அதாவது செயப்பாட்டு வினைக்கு, வரிசை இதுதான்: வினைச்சொல்லை அடிக்கோடிட்டு அதன் டென்ஸை மேலே எழுது, ஆப்ஜெக்ட்டை முன்னால் கொண்டு வா, அந்த டென்ஸுக்கு உரிய ‘பி’ வினை (இஸ், ஆர், வாஸ் போன்றவை), பிறகு வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். ‘ரவி ரைட்ஸ் லெட்டர்ஸ்’ என்பதை மாற்றும்போது பாதிப் பிள்ளைகள் ‘லெட்டர்ஸ் இஸ் ரோட்’ என்பார்கள். இதில் பிழை இரண்டு. ரவி ஒருமை என்பதால் ‘இஸ்’ போடுகிறார்கள். இப்போது முன்னால் நிற்பது ‘லெட்டர்ஸ்’, அதற்கு ‘ஆர்’. ‘ரோட்’ இரண்டாம் வடிவம், வேண்டியது ‘ரிட்டன்’.

வினைகளின் மூன்று வடிவப் பட்டியலை அகர வரிசையில் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மூன்றும் ஒன்றாயிருக்கும் ‘கட், கட், கட்’ ஒரு கூட்டம். கடைசி இரண்டும் ஒன்றான ‘பிரிங், பிராட், பிராட்’ இன்னொன்று. மூன்றும் வேறான ‘ரைட், ரோட், ரிட்டன்’ மூன்றாவது. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில், தினம் ஐந்து எழுதச் சொல்லுங்கள்.