பௌர்ணமி பார்த்துக் கிளம்பும் மடக்கு சைக்கிள்

மைவி காரின் பின்சீட்டைச் சாய்த்தால் கிடைக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டும். 2022 பிப்ரவரியில் சைக்கிள் கடைக்குப் போனபோது எனக்கிருந்த நிபந்தனை அது ஒன்றுதான். கியர் எத்தனை, பிரேம் என்ன உலோகம் என்றெல்லாம் கேட்கத் தெரியவில்லை. 20 அங்குலச் சக்கரம், அலுமினிய பிரேம், ஏழு கியர் வைத்த ஒரு மடக்கு சைக்கிளைக் கடைக்காரர் தூக்கிக் காட்டினார். 1,350 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாமியார் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "இது சின்னப்பிள்ளைங்க சைக்கிளு மாதிரில்ல இருக்கு" என்றார்.

இன்றைக்கு மீட்டரில் 7,840 கிலோமீட்டர். நான்கு இளவேனில் பார்த்தாயிற்று. அதனால் வாங்கிய புதிதில் எழுதும் புகழ்ச்சியோ கோபமோ இதில் இருக்காது என்று நம்புகிறேன். பிராண்ட் பெயரைச் சொல்லவில்லை. இந்த விலையில் இந்த வடிவில் வரும் சைக்கிள்களின் குணமும் குறையும் பெரும்பாலும் ஒன்றுதான்.

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் பேக்டரி ஒன்றில் ஷிப்ட் வேலை எனக்கு. வீடு சுங்கை நிபோங்கில். இரவு ஷிப்ட் காலை 7 மணிக்கு முடியும். மே மாதத்தில் பினாங்கில் சூரியனும் ஏறத்தாழ அந்த நேரத்துக்குத்தான் கிளம்பும். கிழக்கு மாநிலங்களான சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரியில் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதன் முழுப் பலனையும் அனுபவிப்பது எங்களைப் போன்ற சைக்கிள்காரர்கள்தான். ஒன்பது மணி வரை வெயில் பொறுத்துக்கொள்ளும். இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவர்களுக்கு அப்போது கத்திரி வெயில் காலம், எட்டு மணிக்கே தார் இளகும்.

நமக்கு இங்கே வெயில்காலம் என்று தனியாக ஒன்று உண்டா என்றால், உண்டு, ஆனால் அது வேறு மாதிரி. ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் பினாங்குக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். வருஷத் தொடக்கத்தின் வறட்சியில் காய்ந்து கிடக்கும் மரங்கள் சித்திரை மழை இரண்டு விழுந்ததும் ஒரே நாளில் பூத்துக் கொட்டும். சாலையோர அங்சானா மரங்களைத்தான் சொல்கிறேன். காலையில் பார்த்தால் நடைபாதை முழுக்க மஞ்சள், மாலைக்குள் எல்லாம் கசங்கிப் பழுப்பாகியிருக்கும். குறிஞ்சி நிலத்து வேங்கை மரத்துக்கு அங்சானா நெருங்கிய உறவு என்று பிறகு தெரிந்துகொண்டேன். காரில் இருபது வருஷம் அதே சாலையில் போயிருக்கிறேன். வைப்பர் அந்தப் பூவைத் தள்ளிவிட்டது மட்டும்தான் நினைவில் இருக்கிறது.

என் வழக்கமான பாதை குயின்ஸ்பேயிலிருந்து தெற்கே பத்து மாவுங் வரை. ஒரு பக்கம் பேக்டரிகளின் முதுகு, மறுபக்கம் கடல், எதிரே ஜெரெஜாக் தீவு. கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து நிறுத்திவைத்த தீவு அது; தொழுநோயாளிகளின் குடியிருப்பாக இருந்தது, பின்னாளில் சிறையானது, 1993இல் சிறையும் மூடப்பட்டது. நம் ஆட்கள் எத்தனை பேர் இந்த நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் நின்று, இந்தப் பக்கம் நான் சைக்கிள் விடும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று சில காலைகளில் தோன்றும். பாதை தட்டையானது. அந்தப் பாதைக்கு ஏழு கியர் அதிகம், மூன்று போதும்.

முதல் வருஷம் ஒரு குழப்பம். சில காலைகளில் கடல் சுவர் வரை ததும்பி நிற்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. வேறு சில காலைகளில் தண்ணீர் வெகுதூரம் வடிந்து, சேறு வெள்ளிபோல மின்னும். சேற்றில் துள்ளும் மீன்கள், நண்டுகள், கொக்குகள் என்று சந்தை கூடியிருக்கும். எப்போது எது என்று பிடிபடவில்லை. கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு இருக்கும் பெரியவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

"பௌர்ணமி, அமாவாசைய ஒட்டி வாம்மா. விடியக்காலைல கடல் உள்ள போயிருக்கும்."

"அப்ப அஷ்டமிக்கு, அண்ணே?"

"அஷ்டமிக்கு வந்தா சுவரைத்தான் பாக்கணும்."

அவ்வளவுதான் பாடம். பௌர்ணமியன்றும் அமாவாசையன்றும் இங்கே கடலேற்றம் உச்சி வேளையை ஒட்டி வருகிறது. அதனால் விடியலில் வடிகிறது. ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போக, ஒரு வாரத்தில் நிலைமை தலைகீழாகிவிடும். கைப்பேசியில் கடல் ஏற்ற இறக்கப் பட்டியல் எல்லாம் கிடைக்கிறதுதான். ஆனால் எங்கள் சமையலறைச் சுவரில் மாமியார் கிழிக்கும் தினசரி நாட்காட்டியில் திதி போட்டிருக்கிறது. இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது அதை ஒரு பார்வை பார்த்தால் மறுநாள் காலை சைக்கிளை எடுப்பதா தூங்குவதா என்று முடிவாகிவிடும். சகுனம் பார்க்கிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார் மாமியார்.

ஏப்ரல் கடைசிக்குள் வலசை வந்த உள்ளான் பறவைகளில் பெரும்பாலானவை வடக்கே போய்விடும். மே மாதச் சேறு உள்ளூர்க்காரர்களுக்கு: வெள்ளைக் கொக்கு, சாம்பல் நாரை, சுவரோரக் கற்களில் உடும்பு. தலைக்கு மேலே செம்பருந்து, எங்கள் வீட்டு மொழியில் கருடன், அநேகமாக எல்லா நாளும் உண்டு. நீர்நாய்க் குடும்பம் ஒன்றை நாலு வருஷத்தில் ஐந்தே முறை பார்த்திருக்கிறேன். ஐந்து முறையும் நான் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனபோதுதான்.

இந்தச் சைக்கிளின் பெரிய நல்ல குணமே அதுதான். பெரிய சக்கரத்து ரோட் பைக்கில் போகிறவர்கள் என்னை விர்ரென்று தாண்டிப் போகிறார்கள், போகட்டும். இதன் பிரேம் தாழ்வாக இருப்பதால் காலைத் தூக்காமலே இறங்கலாம். புடவைக்காரிகூட இறங்கலாம். இறங்கி, நடந்து, மறுபடி ஏறி, பத்து மீட்டரில் மறுபடி இறங்கி... இப்படி 14 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்ட நாட்கள் உண்டு.

இனி குறைகள். உப்புக்காற்றைப் பற்றி வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. மூன்றாவது வாரமே செயினில் செம்பழுப்பு. இரண்டாம் மாதம் முன் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே இறுகி, பிடித்த பிரேக் விடாமல் நின்றது. உச்சக்கட்டம் முதல் வருஷக் கடைசியில் வந்தது. சீட்டைத் தாங்கும் கம்பி இரும்பு, அது இறங்கும் குழாய் அலுமினியம். இரண்டு வேறு உலோகத்துக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் அரிப்பு வேகமாகும் என்று பள்ளியில் படித்ததுதான். படித்தது பத்து மாதம் கழித்து, கார் டிக்கி திறந்திருக்க, மழை தூற, சீட்டுக் கம்பி ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காமல் நான் நின்றபோது ஞாபகம் வந்தது. மடங்காத மடக்கு சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்றைக்கு வீடுவரை மழையில் மிதித்தேன். ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் ஊற்றி, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் இரண்டு பேர் பிடித்துத் திருகி எடுத்தார்கள். இப்போது மாதம் ஒருமுறை கம்பியை முழுதாக உருவித் துடைத்து கிரீஸ் தடவுகிறேன். ஒவ்வொரு கடலோரப் பயணத்துக்குப் பிறகும் பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலில் நல்ல தண்ணீர் எடுத்து மெல்லத் தெளித்து, பழைய கைலித் துணியால் துடைத்து, செயினுக்கு மட்டும் எண்ணெய். ஆறு நிமிட வேலை. பீச்சியடிக்கும் குழாயால் கழுவாதீர்கள், தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும்.

நாலு வருஷத்தில் மூன்று செயின், இரண்டு ஜோடி டயர், கேபிள்கள், பிரேக் கட்டைகள், ஒரு சீட்டுக் கம்பி, முன்பல் சக்கரம் ஒன்று. கூட்டிப் பார்த்தால் 1,120 வெள்ளி. சைக்கிளின் விலையைத் தொட்டுவிடும் போலிருக்கிறது.

டயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 20 அங்குலம் என்று பொதுவாகச் சொல்லிக் கேட்டால் இரண்டு அளவு இருக்கிறது: 406 மில்லிமீட்டர், 451 மில்லிமீட்டர். ஒன்று மற்றதில் ஏறாது. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்காமல் வாங்கிவைத்த டயரைத் தெலுக் கும்பாரில் பஞ்சரான அன்றுதான் பிரித்தேன். பழைய டியூபுக்கு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றியவர் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை பாக்சிக் (மலாய்க்கார மாமா). காசு வாங்கவில்லை. அங்கே கரையில் காத்திருந்த அரை மணியில்தான் அடும்பங்கொடியை முதல்முறை உட்கார்ந்து பார்த்தேன். மணலில் படர்ந்து ஊதாப் பூ பூக்கும். நடுவில் பிளந்த அதன் இலையைப் பார்த்து நம் பழம்புலவர்களுக்கு மான் குளம்பு தோன்றியது. மலாய்க்காரர்களுக்குக் குதிரைக் குளம்பு, தாப்பாக் கூடா. அந்தக் கரைக்கு அப்பால், 2023 முதல் கடலைத் தூர்த்துப் புதுத் தீவு எழும்புகிறது. பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கம் போனால் நன்றாகத் தெரியும். அடிவானம் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் ஓடுகின்றன.

மேடு என்று வந்தால் இந்தச் சைக்கிள் பாவம். தஞ்சோங் பூங்கா தாண்டி பத்து பெரிங்கிக்குப் போகும் வளைவுகளில் முதல் வருஷம் இறங்கித் தள்ளினேன். முன்னால் 52 பல் இருந்தால் யாருக்கும் கால் நோகும். அதை 44 ஆக்கிய பிறகு மூச்சு வாங்கியபடி ஏறிவிடுகிறேன், தட்டையில் வேகம் குறைந்தது பரவாயில்லை. ஆனால் அந்தச் சாலை குறுகல். சனி ஞாயிறில் சுற்றுலா பஸ்கள் உரசிக்கொண்டு போகும். என் யோசனை, தெலுக் பஹாங் வரை காரில் கொண்டுபோய் அங்கே விரித்துக்கொள்வது.

தெலுக் பஹாங்கில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடக்க வேண்டும். 2003இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் பந்தாய் கெராச்சுட் வரை காட்டுப் பாதை, மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஏறி இறங்கினால் கடற்கரை, அதற்குச் சற்று முன்னால் ஓர் ஏரி. அடியில் உப்புநீர், மேலே நன்னீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மழைக்கு நிரம்பும், வறட்சிக்கு வற்றும். பிப்ரவரியில் போய் வெறும் சேற்றைப் பார்த்து ஏமாந்தவள் நான், மே மாதம் போய்த்தான் நீரைப் பார்த்தேன். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. கடலில் இறங்க வேண்டாம், பெட்டிச் சொறிமீன் (ஜெல்லி மீன்) உண்டு. குரங்குகளிடம் பையைக் காட்டவும் வேண்டாம். என் நெகிழிப் பையோடு போன மூன்று வாழைப்பழம் இன்னும் திரும்பவில்லை.

பாலிக் பூலாவ் பற்றி எழுதினால் நீளும். வயல், ஜாதிக்காய்த் தண்ணீர், ஜூன் நெருங்கினால் டுரியான் வாசம், போனால் தெரியும். தீவை முழுதாகச் சுற்ற ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஒருமுறை சுற்றினேன். சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்குத் தந்தி அடித்துச் சொல்லும். இன்னொரு முறை இந்தச் சைக்கிளில் சுற்ற மாட்டேன்.

இன்னொன்று, மே மாதம் பிறந்தால் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து இடிமழை வரிசை கட்டி வரும். தீவின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்களுக்கு அது மலைக்குப் பின்னாலிருந்து எழும்புவதால் கடைசி நேரத்தில்தான் கண்ணில் படும். மேற்கே கறுத்தால் திரும்பிவிடுங்கள், காலை உணவைக் கனவு காண வேண்டாம்.

2025இல் சித்ரா பௌர்ணமியும் புத்தர் திருநாளான வேசாக் விடுமுறையும் ஒரே நாளில், மே 12ஆம் தேதி, வந்தன. அன்றைக்கு வழக்கத்தை மாற்றி வடக்கே, கோட்டை இருக்கும் எஸ்பிளனேட் வரை போனேன். ஜார்ஜ்டவுன் எழுந்த அந்த முனைக்குப் பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா என்றால் நம் புன்னை. 1786இல் ஆங்கிலேயர் கப்பல்கள் வந்து இறங்கியது புன்னைக் காட்டில் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும். திரும்பும் வழியில் கரையோரம் ஒரு புன்னையின் அடியில் வெள்ளைப் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. கைக்குட்டையில் கொஞ்சம் அள்ளி வந்து மாமியார் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், வெகுநேரம் பேசவில்லை. எஸ்டேட்டில் கோயிலுக்குப் பின்னால் ஒன்று நின்றதாம்.

நேற்று நாட்காட்டியைக் கிழித்துவிட்டு, சைக்கிளின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துக் கேட்டார்: "இந்தக் கேரியர் எத்தன கிலோ தாங்கும்?"

25 கிலோ என்று ஒட்டியிருக்கிறது. மாமியார் 62. கடையில் மூன்று சக்கர சைக்கிள் விலை விசாரித்து வைத்திருக்கிறேன். அது மைவிக்குள் அடங்காது.