“நார்மலுக்கே பார்க்கலாம்மா”: இந்த ஒரு வாக்கை நம்பிப் பிரசவத்துக்குப் பதிவு செய்துவிடாதீர்கள்

முதல் செக்-அப்பில் “உங்களுக்கு ஆபரேஷன்தான்” என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். “நார்மலுக்கே பார்க்கலாம்மா, பயப்படாதீங்க” என்பார். பிரசவம் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிக் கொண்டுபோன பர்த் பிளானை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு “அதெல்லாம் பண்ணிடலாம்” என்பார். அந்தச் ‘சரி’ ஃபைலில் ஒரு வரியாகக்கூட ஏறாது. 36 வாரம் தாண்டி, இனி வேறு இடம் தேடுவது கஷ்டம் என்ற கட்டத்தில்தான் பேச்சு மாறும். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைக்குப் போகிற பல குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். சிக்கலான கேஸ்களைக் கடைசி நேரத்தில் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கமாக இருக்கும்போது, இந்த இடைவெளியைத் தாய்மாரின் உடல்நிலையை மட்டும் காட்டி விளக்க முடியாது. பணம் ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே இல்லை. ஒரே டாக்டர் காலையில் ஒரு மருத்துவமனை, மாலையில் சொந்த கிளினிக், நடுவில் இன்னொரு இடம் என்று ஓடுகிறார். முதல் பிரசவ வலி 12, 18 மணி நேரம் போகும். ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்ன மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும். அவரை ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிடுவதைவிட சாயங்காலமே முடித்துவிடுவது எல்லாருக்கும் வசதி. அந்த ‘எல்லாரிலும்’ நீங்கள் சேர்த்தி இல்லை.

இப்படி நடந்த கேஸ்களின் டிஸ்சார்ஜ் சம்மரி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். முதல் பிரசவம், 38 வாரம் 4 நாள், குழந்தை தலை கீழே, பிபி சுகர் இயல்பு. ‘நீர் குறைவு’ (பனிக்குட நீர்) என்று அட்மிஷன். இரவு 10 மணிக்கு கர்ப்பப்பை வாயை இளக்கும் ஜெல் வைத்தார்கள். காலை 6 மணிக்கு ட்ரிப்பில் வலி வரவைக்கும் மருந்து. 8 மணிக்கு அந்த வாய் 3 சென்டிமீட்டர் திறந்திருக்கும்போதே பனிக்குடத்தை உடைத்தார்கள். மதியம் 1.30-க்கு 4 சென்டிமீட்டர்; ‘வலி முன்னேறவில்லை’ என்று தியேட்டர். குழந்தையின் நாடித்துடிப்பில் கோளாறு இருந்ததாக எங்கும் எழுதியிருக்காது.

இதை வரிவரியாகப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதலில் தீவிரப் பிரசவ வலி 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் கணக்கில் 6. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய அளவுகோலையும் அந்த வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. ஆக, 4 சென்டிமீட்டரில் இருந்தவருக்கு முன்னேற வேண்டிய கட்டமே வரவில்லை. மருந்து வைத்து வலி வரவைத்தால், தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைந்தபின் ட்ரிப்பை 12 முதல் 18 மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் ‘தோற்றது’ என்று முடிவுகட்டக் கூடாது. இங்கே ஐந்தரை மணி நேரம்.

வலி வரவைப்பதே தப்பு என்று நினைக்க வேண்டாம். 2018-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், சிக்கல் இல்லாத முதல் பிரசவங்களில் 39-ஆம் வாரத்தில் வலி வரவைத்தவர்களுக்கு சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2 சதவீதம். அங்கே பொறுமையாகக் காத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம். ஜெல்லை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு பொறுமையை விட்டுவிட்டால் அந்த எண் வராது.

அடுத்து, 36 முதல் 38 வாரத்துக்குள் காதில் விழப்போகும் காரணங்கள். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற்றத்தில் தலையாட்ட மாட்டீர்கள்.

“கொடி சுத்தியிருக்கு” என்பதுதான் அதிகம் கேட்கும் காரணம். பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். தலை வெளியே வந்ததும் விரலால் எடுத்துவிடுவார்கள். ஸ்கேனில் கொடி தெரிந்தது என்பது மட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. வலியின்போது நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது என்பதே கணக்கு.

“நீர் குறைஞ்சிருக்கு” என்றால் எண்ணைக் கேளுங்கள். ஏஎஃப்ஐ (ஸ்கேனில் பனிக்குட நீரை அளக்கும் எண்) 5-க்குக் கீழே, அல்லது நீர் தேங்கிய இடங்களில் மிக ஆழமானதின் அளவு 2 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால்தான் குறைவு. 5-க்கும் 8-க்கும் நடுவே இருந்தால் கவனிக்க வேண்டும், மறுபடி ஸ்கேன், டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்), என்எஸ்டி (குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்யும் சோதனை) பார்க்க வேண்டும். அன்றே அட்மிட் ஆக வேண்டும் என்பதில்லை. 9 என்ற ரிப்போர்ட்டைக் காட்டி பயமுறுத்தினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

“குழந்தை பெருசு” என்பதும் அப்படித்தான். கடைசி மாத ஸ்கேன் எடையில் 10 முதல் 15 சதவீதம் பிழை சகஜம். 3.4 கிலோ என்று போட்டிருந்தால் உண்மை 2.9 ஆகவும் இருக்கலாம், 3.9 ஆகவும் இருக்கலாம். சர்க்கரை இல்லாத தாய்க்கு எடையை மட்டும் வைத்து ஆபரேஷனைப் பரிசீலிக்க அமெரிக்க சங்கம் சொல்லும் அளவு 5 கிலோ, சர்க்கரை இருந்தால் 4.5 கிலோ. நம் பெண்களின் உடல்வாகுக்கு அதைவிடக் குறைத்து வைத்துக்கொண்டாலும் 3.4 அந்தப் பட்டியலில் வராது.

“இடுப்பெலும்பு சின்னது”, “தலை இறங்கலை” இரண்டும் வலி வருவதற்கு முன் சொல்லப்பட்டால் மதிப்பில்லாதவை. முதல் பிரசவத்தில்கூட வலி வந்த பிறகு தலை இறங்குவது உண்டு. எலும்புக்கும் தலைக்கும் பொருந்துமா என்பது வலியின்போதுதான் தெரியும், 37-ஆம் வாரத்து உள் பரிசோதனையில் தெரியாது. “மோஷன் போயிடுச்சு” (குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டது) என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். நீர் லேசாகப் பச்சை, துடிப்பு நன்றாக இருக்கிறது என்றால் கவனித்தபடி காத்திருக்கலாம். கெட்டியாக இருந்து துடிப்பும் இறங்கினால் தாமதிக்கக் கூடாது.

வாதாடவே கூடாத காரணங்களும் உண்டு. நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடியிருப்பது, குழந்தை குறுக்கே கிடப்பது, தொப்புள்கொடி முன்னால் நழுவி வருவது, கடும் ரத்தப்போக்கு, வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு டாப்ளரில் ரத்த ஓட்டம் மோசமாவது. பிபி 160/110-க்கு மேல் போனால் பிரசவத்தைத் தள்ளிப்போடப் பேரம் பேசாதீர்கள். 41 வாரம் முடிந்தும் வலி வராவிட்டால் வரவைக்கச் சொல்வது நியாயமான யோசனை. அசைவு குறைந்ததாகத் தோன்றினால் பர்த் பிளானை ஓரமாக வைத்துவிட்டு உடனே போங்கள்.

முதல் பிரசவம் சிசேரியனாக இருந்து இரண்டாவதை சுகப்பிரசவமாக விரும்புகிறவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். கீழ்ப்பகுதியில் ஒரே தழும்பு உள்ள, தகுந்த பெண்களில் 60 முதல் 80 சதவீதத்தினருக்கு முயற்சி வெற்றி பெறுகிறது. தழும்பு கிழியும் ஆபத்து ஆயிரத்துக்கு 5 முதல் 7. அந்த ஆபத்துக்காக தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம் மூன்றும் 24 மணி நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத மருத்துவமனை “எங்களால் முடியாது” என்று முதலிலேயே சொன்னால் அது நேர்மை. 20-ஆம் வாரத்தில் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு 38-இல் தேதி குறிப்பது மோசடி.

சரி, எப்படிக் கேட்பது? “நீங்க நார்மல் டெலிவரிக்கு சப்போர்ட்டா மேடம்?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். எண்ணும் நேரமும் வருகிற மாதிரிக் கேளுங்கள். “போன மாசம் தானா வலி வந்து வந்த முதல் பிரசவங்கள்ல எத்தனை பேருக்கு ஆபரேஷன் ஆச்சு?” ஒட்டுமொத்த சதவீதம் கேட்டால் ‘எங்களுக்கு ஹை ரிஸ்க் கேஸ் அதிகம்’ என்று நழுவலாம். இந்தக் கேள்வியில் அது எளிதில் முடியாது. பெரும்பாலும் ஆரோக்கியமான, தலை கீழே இருக்கிற, மாதம் நிறைந்த குழந்தைகள்தான் இதில் வருகிறார்கள். துல்லியமான கணக்கு இல்லாவிட்டாலும் யோசித்துப் பதில் சொல்கிறவர் பரவாயில்லை. கோபப்படுகிறவரிடம் 39-ஆம் வாரத்தில் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

பிறகு: “ராத்திரி வலி வந்தா யார் பார்ப்பாங்க? அவங்களுக்கு இந்த பிளான் தெரியுமா?” “எத்தனை சென்டிமீட்டர்ல அட்மிட் பண்ணுவீங்க?” “ட்ரிப் எப்ப போடுவீங்க?” கடைசிக் கேள்விக்கு “வந்த உடனே எல்லாருக்கும் போடுவோம்” என்பது பதிலானால் பிளான் அங்கேயே முடிந்தது. “முதல் பிரசவம்னா தையல் கண்டிப்பா போடணும்” என்பதும் அதே ரகம். எல்லாருக்கும் வழக்கமாக வெட்டித் தையல் போடுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை.

டாக்டரோடு நிறுத்தாதீர்கள். லேபர் வார்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். கால்களை மாட்டி வைக்கும் மேசை மட்டும்தான் இருக்கிறதா, நடக்க இடம் உண்டா என்று கண்ணால் பாருங்கள். சிஸ்டரிடம் “அக்கா, இங்க கூட ஒருத்தர் உள்ள இருக்கலாமா? டாக்டர் எந்த நேரத்துக்கு வருவாங்க?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். கன்சல்டேஷன் அறையில் கிடைக்காத உண்மை அங்கே கிடைக்கும்.

பர்த் பிளான் ஒரே பக்கம் இருக்கட்டும். இணையத்தில் இறக்கிய நான்கு பக்கத்தை எந்த டியூட்டி டாக்டரும் படிக்க மாட்டார். கூட இருப்பவர் பெயர். நடக்கவும் தண்ணீர் குடிக்கவும் அனுமதி. காரணம் சொல்லாமல் ட்ரிப்போ பனிக்குடம் உடைப்பதோ வேண்டாம். வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளக் கூடாது. கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டுவது. பிறந்ததும் குழந்தையை மார்பில் போடுவது. கீழே “அவசரம் என்றால் காரணத்தை எங்களுக்குச் சொல்லிவிட்டு மாற்றலாம்” என்று ஒரு வரி. 30-ஆம் வாரத்துக்குள் டாக்டரிடம் காட்டி, கேஸ் ஷீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் தேவையில்லம்மா’ என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால், வாயால் சொன்ன ‘சரி’யின் மதிப்பு தெரிந்துவிடும்.

பேக்கேஜ் விலையை எழுத்தில் வாங்குங்கள். மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், தியேட்டர் சாமான்கள், வார்மர், என்ஐசியு (பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) எல்லாம் உள்ளேயா வெளியேயா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 39 வாரத்துக்கு முன் வலி வராமலே ஆபரேஷன் செய்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது; 37-ஆம் வாரத்து ‘நல்ல நேரம்’ என்ஐசியு பில்லில் முடிவது இதனால்தான். ஜாதகம் பார்த்துத் தேதி கேட்கும் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. டாக்டர் மறுக்கப் போவதில்லை.

மாறுவதென்றால் 28 முதல் 32 வாரத்துக்குள் மாறுங்கள். எல்லா ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகை, சுகர் டெஸ்ட், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி பரிசோதனை, தடுப்பூசி விவரம், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எல்லாவற்றையும் நகலோடு வாங்கிவிடுங்கள். பிக்மி எண் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படும். அட்வான்ஸ் போனால் போகட்டும். மாற்று ஏற்பாடாக அரசு மருத்துவமனையை ஒதுக்கிவிட வேண்டாம். கூட்டமும் கழிவறையும் சோதிக்கும், ஆனால் பெரிய அரசு மருத்துவமனைகளின் லேபர் வார்டில் ராத்திரியும் டாக்டர் இருப்பார்.

இந்த ஏமாற்றத்துக்குப் பயந்து எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களைப் பிடிக்கவும் கடை விரித்திருக்கிறார்கள். ‘இயற்கைப் பிரசவம்’ என்று பெரிய தொகை வாங்கும் சில இடங்களில் தியேட்டர் கிடையாது, ரத்தம் கிடையாது. நிலைமை கைமீறினால் ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுவார்கள். 2018-இல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்று ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்ததை மறந்துவிடாதீர்கள். பிரசவம் பார்ப்பவர் பதிவு பெற்ற டாக்டரா, மருத்துவச்சியா என்று கேளுங்கள். எந்த மருத்துவமனைக்கு, எத்தனை நிமிடத்தில் மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். டூலா எனப்படும் பிரசவத் துணையாளர் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லலாம். உள் பரிசோதனை செய்தால் அவரை வெளியே அனுப்புங்கள்.

அட்மிஷன் அன்று நீட்டப்படும் கையெழுத்துத் தாள்களைப் படித்துப் போடுங்கள். கட்டங்கள் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உயிர் காக்கும் அவசரம் மட்டும் விலக்கு.

நடந்து முடிந்துவிட்டது, சந்தேகம் இருக்கிறது என்றால், கேஸ் ஷீட் முழுவதையும் எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. பார்ட்டோகிராஃப் (பிரசவ முன்னேற்றத்தைக் குறிக்கும் தாள்), மருந்துச் சீட்டு, சம்மதப் படிவம், சிடிஜி தாள் (குழந்தையின் துடிப்புப் பதிவு) என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘ரெக்கார்டு’ என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு பக்க சம்மரியைத் தந்து அனுப்பிவிடுவார்கள். மாவட்ட மருத்துவ இணை இயக்குநரிடமும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிலும் புகார் தரலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு கெடு உண்டு. அங்கே இன்னொரு மகப்பேறு டாக்டரின் கருத்து இல்லாமல் வழக்கு நிற்பது கடினம். தேவையற்ற சிசேரியன் எல்லாமே சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது என்பதையும் தெரிந்தே இறங்குங்கள். சிடிஜி தாள் பல இடங்களில் சூட்டில் அச்சாகும் வகை, சில மாதங்களில் கோடு மங்கிவிடும். கைக்கு வந்த அன்றே முழு நீளத்தையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.