கோட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கும் அரசு பல் ஆஸ்பத்திரி: அம்மாவைக் காட்டிய அனுபவம்

கடைவாய்ப்பல் வலி என்று அம்மாவை முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போனேன். வலிக்கிற பல்லை மட்டும் பார்த்தார்கள். ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். ரூட் கெனால் செய்து, அதாவது பல்லின் உள்ளே இருக்கும் வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே கேப் போட வேண்டும் என்று தொகையை எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு கேள்வி இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

அதனால் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். 1953இல் தொடங்கியது. கடற்கரை - தாம்பரம் லோக்கல் ரயிலில் வந்து கோட்டை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். அரை நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இது கல்லூரி. முதலில் பார்ப்பவர் மாணவராகவோ பயிற்சி மருத்துவராகவோ இருப்பார், அப்புறம் பெரிய டாக்டர் வந்து சரிபார்ப்பார். ஒரே வாயை இரண்டு பேர் பார்ப்பதால் நேரம் ஆகத்தான் செய்யும். நோயாளிக்கு அது நல்லதுதான்.

ஓ.பி. சீட்டு போட்டதும் நேராகப் பல்லைப் பிடுங்கும் இடத்துக்கு அனுப்புவார்கள் என்று அம்மா பயந்துகொண்டே வந்தார். அப்படி இல்லை. முதலில் வாய் முழுவதையும் பரிசோதிக்கும் பிரிவு. அம்மாவைப் பார்த்த மாணவி வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் கேள்விகளைத்தான் கேட்டாள். பிரஷர், சர்க்கரை, இதயத்துக்கு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா... எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அப்புறம், "வெத்தலை போடுவீங்களாம்மா?"

"அது ரொம்ப வருஷமா உண்டும்மா."

"எந்தப் பக்கம் அடக்கிக்குவீங்க? புகையிலை சேப்பீங்களா?"

எங்கள் வீட்டில் யாரும் அம்மாவிடம் கேட்டிராத கேள்வி இது. புகையிலை இல்லை, பாக்குதான், இடது பக்கம் என்றார். பாக்கு மட்டுமே போட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரலாம் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

பிறகு தாடையின் மூட்டை இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு வாயைத் திறந்து மூடச் சொன்னாள். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவினாள். அம்மாவின் மூன்று விரல்களை மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே வைக்கச் சொன்னாள். பாக்குப் போடுகிறவர்களுக்கு நாளாக நாளாகக் கன்னத்தின் உட்பக்கம் இறுகி வாய் திறப்பது குறைந்துபோகுமாம், அதற்கான பார்வை. நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்து இரு ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் பார்த்தாள். வலிக்காது, ஆனால் கொஞ்சம் குமட்டும்.

பல்லுக்கு வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். சின்னக் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினாள். வலித்த பல்லில் அம்மா தோளைக் குலுக்கினார். அடுத்து, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, "மூணு, ரெண்டு, மூணு" என்று சொல்லச் சொல்லப் பக்கத்தில் ஒரு பையன் எழுதினான். 3 வரை கவலை இல்லை. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகுகிறது என்று அர்த்தம். கீழ்க் கடைவாயில் "அஞ்சு" என்றாள். லேசாக ரத்தம் வந்தது.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ரூட் கெனால் தேவைதான் என்று இங்கேயும் சொன்னார்கள். ஆனால் வரிசை வேறு. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு வரவேண்டும், ஸ்கேலிங் செய்து, அதாவது பல்லில் படிந்த காறையை எடுத்து, ஈறு ஆறவேண்டும், அப்புறம் ரூட் கெனால். அதைவிட முக்கியம், இடது கன்னத்தின் உள்ளே, வெற்றிலை அடக்குகிற அதே இடத்தில், வெளிறிய ஒரு திட்டு இருந்தது. பெரிய டாக்டர் விளக்கைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "பாக்கை இன்னியோட விட்டுடுங்கம்மா, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்படியே இருந்தா சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார். அம்மா விட்டார். மறுபடி போனபோது திட்டு நன்றாகவே குறைந்திருந்தது. டெஸ்ட் இப்போது வேண்டாம், மூன்று மாதத்தில் காட்டுங்கள் என்றார்கள். பல் மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது. எனக்கு இந்த இடத்தின் மேல் இவ்வளவு மரியாதை அதனால்தான்.

ஸ்கேலிங் பற்றி ஒரு வார்த்தை. பல் ஆடிப்போகும் என்று அத்தை பயமுறுத்தியிருந்தார். ஆடாது. கெட்டியான காறை போனபிறகு பல்லுக்கு நடுவே இடைவெளி தெரியும், சில நாள் கூசும், அவ்வளவுதான்.

போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முக்கியமாகச் சர்க்கரைக்காரர்கள். மாத்திரைச் சீட்டையும் பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துப்போங்கள். மாணவர்கள் பார்க்கிறார்களே என்று தயங்க வேண்டாம். அவசரமாகத் திரும்ப வேண்டிய நாளில் மட்டும் போகாதீர்கள்.