உப்புக் காத்து, கறுப்பு வண்டி: செராமிக் கோட்டிங் போட்டு மூன்று வருடத்துக்கு மேல்

கார் பெயின்ட் மேல் பூசினால் மெல்லிய படலமாக உறைகிற திரவம்தான் செராமிக் கோட்டிங். அதைப் போடலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, வண்டியை எந்தத் தண்ணியில் கழுவுகிறீர்கள் என்பதைத்தான். கிணற்றுத் தண்ணியா, போர் தண்ணியா, இல்லை ரோட்டோர வாட்டர் சர்வீஸா? கோட்டிங் எத்தனை வருடம் வரும் என்பதை பாட்டிலில் எழுதியிருப்பதைவிட இதுதான் அதிகம் தீர்மானிக்கிறது, குறிப்பாக நம்ம குமரி மாவட்டத்தில்.

என் வண்டி 2018 மாடல், கறுப்பு. தக்கலையிலிருந்து திங்கள்நகர் வழியாக குளச்சல் பக்கம் வேலைக்குப் போய் வருகிறேன். பாதி நாள் கடல்காற்றில் நிற்கும், மீதி நேரம் எம்-சாண்ட் டிப்பருக்குப் பின்னால் ஊரும். 2022 தொடக்கத்தில் நாகர்கோவிலில் ஒரு டீடெயிலிங் கடையில் பாலிஷ், கோட்டிங் இரண்டும் சேர்த்து 18,000 ரூபாய்க்குச் செய்தேன். அதுவரை வாட்டர் சர்வீஸில் எல்லா வண்டிக்கும் போடுகிற அதே துணியால் துடைத்துத் துடைத்து, வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமான கீறல்.

கோட்டிங்கைவிட அதற்கு முந்தைய வேலைதான் எனக்குப் பிடித்தது. ஃபோம் அடித்துக் கழுவிய பிறகு அயர்ன் ரிமூவர் என்று ஒன்றை அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவின் கீழ்ப்பாதியிலும் பின் பம்பரிலும் கத்தரிப்பூ நிறத்தில் ஒழுக ஆரம்பித்தது. பிரேக்கிலிருந்து பறந்து பெயின்ட்டில் ஒட்டிய இரும்புத் துகள் கரைகிற நிறமாம். நன்றாகக் கழுவின வண்டி என்று நான் நினைத்திருந்ததிலிருந்து அவ்வளவு வந்தது. அப்புறம் கிளே பார் என்கிற களிமண் மாதிரிக் கட்டியைத் தேய்த்தார்கள், முதலில் கரகரவென்று இழுத்தது, கொஞ்ச நேரத்தில் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

கடையில் பெயின்ட் கனம் பார்க்கிற மீட்டர் இருந்தது. இது இல்லாத கடையில் பாலிஷுக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். என் வண்டியில் பெரும்பாலான இடத்தில் 110, 120 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டியது, கம்பெனி பெயின்ட் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். இடது பின்கதவில் மட்டும் 300க்கு மேல். பழைய உரசலுக்குப் பட்டி பார்த்து அடித்த இடம் அது. அந்த 110இல் மேலே இருக்கிற நிறமில்லாத அடுக்கான கிளியர் கோட் சுமார் 40 மைக்ரான்தான். பாலிஷ் செய்வது என்றால் கீறலை நிரப்புவது இல்லை, கீறலின் ஆழம்வரை சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. பானெட் நடுவில் டேப் ஒட்டி ஒரு பாதியை மட்டும் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை போட்டு, விளக்கைச் சாய்த்துக் காட்டினான் கடைப் பையன். “அண்ணே, இது உங்க வண்டிதான்” என்று சிரித்தான். ஒரு பாதி சாம்பல் பூத்த கறுப்பு, மறுபாதியில் விளக்கின் குமிழ் அப்படியே தெரிந்தது. இன்றுவரை வண்டியைப் பார்த்து “புதுசாலே?” என்று கேட்பவர்கள் பாராட்டுவது அந்தப் பாலிஷைத்தான், கோட்டிங்கை இல்லை. கோட்டிங் கண்ணுக்குத் தெரிகிற பொருளே கிடையாது, ஒன்றிரண்டு மைக்ரான் இருந்தால் அதிகம்.

போடும்போது மட்டும் கொஞ்சம் தெரியும். துணி சுற்றிய சின்னக் கட்டையில் சில சொட்டு விட்டு, குறுக்கும் நெடுக்கும் தேய்த்ததும் ஈரத்தில் வானவில் நிறம் ஓடும், அந்த நேரம் பார்த்து மைக்ரோஃபைபரால் துடைத்துவிட வேண்டும். தாமதித்தால் திட்டாக உறைந்துவிடும், பிறகு பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். என் வண்டிக் கூரையில் அப்படி ஒரு திட்டு விட்டிருக்கிறார்கள், கூரைதானே என்று நானும் விட்டுவிட்டேன். முதல் ஒரு நாள் தண்ணி படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற ஊரில் இதற்கு ஜனவரி, பிப்ரவரிதான் சரி.

சரி, மூன்று வருடம் எப்படி இருந்தது? முதல் வருடம் கழுவுவது பாதி வேலையாகிவிட்டது. பிரஷர் வாஷரில் அடித்தாலே புழுதி இறங்கிவிடும், தண்ணி உருண்டு ஓடிவிடும், துடைக்க ஒரு டவல் போதும். நான் காசு கொடுத்தது இதற்குத்தான், இது கிடைத்தது. 9ஹெச், கீறவே கீறாது என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பாதீர்கள். அந்த 9ஹெச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற சோதனை அளவு. சாவி இழுத்தால் கோடு விழும், டிப்பரிலிருந்து தெறிக்கிற ஜல்லி பட்டால் பெயின்ட் பெயரும். கல்லுக்குப் பயந்தால் பெயின்ட்டைப் பாதுகாக்கிற பி.பி.எஃப் ஒட்ட வேண்டும், அது 150, 200 மைக்ரான் கனமுள்ள பிலிம், விலையும் வேற லெவல்.

உண்மையான தொல்லை தண்ணிக் கறை. கடலோரத்தில் இருக்கிற என் மச்சான் வீட்டு போர் தண்ணி உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அங்கே ஒரு தடவை கழுவிவிட்டு துடைக்கும் முன் வெயில் ஏறினால் போதும். கோட்டிங் மேல் தண்ணி பரவாமல் முத்து முத்தாக நிற்கிறது இல்லையா, காய்ந்ததும் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை வளையமாகிறது. கோட்டிங் இல்லாத வண்டியில்கூட இவ்வளவு பளிச்சென்று தெரியாது. வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, நிழலில் வைத்து, துணியில் நனைத்து ஒற்றி எடுத்து உடனே நல்ல தண்ணியில் கழுவினால் புதுக் கறை போய்விடும். அரித்து உள்ளே இறங்கினது போகாது. வௌவால் எச்சமும் அப்படித்தான். அயனிப் பலா பழுக்கிற சமயத்தில் மரத்தடியில் நிறுத்திவிட்டு சாயங்காலம்வரை விட்டால், எந்தக் கோட்டிங்கும் காப்பாற்றாது.

இரண்டாம் வருடம் பக்கவாட்டில் தண்ணி உருள்வது நின்றது. கோட்டிங் போய்விட்டது என்று நினைத்துத் திரும்பப் போட ஓடாதீர்கள். பெரும்பாலும் ரோட்டு எண்ணெயும் இரும்புத் துகளும் மேலே அடைத்திருக்கும். அயர்ன் ரிமூவர் அடித்துக் கழுவியதும் என் வண்டியில் திரும்ப உருள ஆரம்பித்தது. இப்போது மூன்று வருடம் தாண்டிய நிலையில் பானெட்டிலும் கூரையிலும் கிட்டத்தட்ட இல்லை, வெயில் நேராக விழுகிற இடம் முதலில் போகிறது. கதவுகள் இன்னும் பரவாயில்லை.

கடைக்காரர் கொடுத்த அட்டையில் ஐந்து வருட வாரன்டி என்று இருந்தது. பின்பக்கம் படித்தால் தண்ணிக் கறை, பறவை எச்சம், கல் தெறிப்பு எதுவும் சேராது, வருடா வருடம் காசு கொடுத்து அங்கேயே சர்வீஸ் செய்தால்தான் செல்லும். அதோடு ‘வருடம் ஒரு முறை இலவச பாலிஷ்’ வேறு. எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 40 மைக்ரான் கிளியர் கோட்டில் கனமாக ஒரு காம்பவுண்ட் போட்டாலே சில மைக்ரான் போய்விடும், மேலே இருக்கிற கோட்டிங்கும் அதோடு சேர்ந்தே போகும். பிறகு எதைப் பாதுகாக்கிறார்கள்? நான் அந்த இலவசத்துக்குப் போகவே இல்லை.

வெள்ளை, சில்வர் வண்டிக்காரர்கள் நல்ல பாலிஷ் ஒன்று போட்டு, நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை சீலன்ட் ஸ்ப்ரே (சில மாதம் நிற்கிற பாதுகாப்புப் பூச்சு) அடித்தாலே போதும் என்பேன். கறுப்பு, கடும் சிவப்பு, வெளியில் நிற்கிற வண்டி என்றால் கோட்டிங் போடலாம். ஆனால் குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உப்பு முதலில் தின்பது மேல் பெயின்ட்டை இல்லை, வண்டியின் அடியையும் கதவின் கீழ் விளிம்பையும். கோட்டிங்காரர் அங்கே கையே வைப்பதில்லை. மழை முடிந்ததும் ஜனவரியில் பானெட்டுக்கும் கூரைக்கும் மட்டும் லேசான பாலிஷும் கோட்டிங்கும் போடச் சொல்லியிருக்கிறேன். முழு வண்டிக்கும் போட ஒதுக்கிவைத்திருந்த மீதிப் பணத்தில் இந்தத் தடவை அடிப்பக்கத்துக்கு ஆன்டி-ரஸ்ட் அடிக்கப் போகிறேன்.